நாலு பக்கத்து மின்சாரம்

பிரிவு உபசாரத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். பேச்சு சீக்கிரம் முடிந்ததற்காகக்கூட இருக்கலாம். பக்கத்து அறையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும், எங்கள் துணை மின்நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் நஸ்ரின் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்களிடம் இப்போது பேட்டரிப் பெட்டிகள் வரப்போகின்றன. காற்றிலும் வெயிலிலும் மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இல்லாத நேரத்தில் கொடுக்குமாம். அதற்குப் பெரிய திரை மாட்டவேண்டும் என்று கண்ட்ரோல் ரூம் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

"அக்கா, அந்தச் செவத்துல வரிசையா ஆணி இருக்குல்லா, பிடுங்கட்டுமான்னு பெயிண்டர் கேக்காரு. பழைய ஆளுக பூராவும் அதுல கைய வைக்கக் கூடாதுங்காக. ஏன்னு கேட்டா, கோமதி அக்காட்ட கேளுங்கன்னு சொல்லுதாக. நீங்க பேச மாட்டீய. எழுதியாவது குடுத்துட்டுப் போங்க" என்றார்.

அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா இதே நிறுவனத்தில் லைன்மேன். வேலையில் இருக்கும்போதே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பிளஸ் டூ முடித்திருந்த எனக்கு வாரிசு வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் உதவியாளர், அப்புறம் பயிற்சி, அப்புறம் ஆபரேட்டர். கண்ட்ரோல் ரூம் வேலை என்றால் நாலு சுவருக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பது, யாரிடமும் பேசவேண்டாம் என்று நினைத்துத்தான் சந்தோஷமாகப் போனேன். போன பிறகுதான் மேசையில் இருந்த போன்களைப் பார்த்தேன். ஆபரேட்டரின் வேலையே பேசுவதுதான்.

முதல் சில மாதங்கள் மணி அடித்தாலே உள்ளங்கை வேர்க்கும். எடுத்துக் காதில் வைத்தால் குரல் வராது. "யாரு லைன்ல? ஆள் இருக்கா, பல்லி இருக்கா?" என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்தான் ஃபோர்மேன் இசக்கி அண்ணாச்சி. அவர் ஓய்வு பெறும்வரை என்னைப் "பல்லி" என்றுதான் கூப்பிட்டார். எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

நான் சேர்ந்தபோது எங்கள் நிலையத்துக்கு மின்சாரம் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தது. கிழக்கே கடலோரத்தில் நிலக்கரி எரித்து வருகிற மின்சாரம். பெரிய கோபுர லைனில் வந்து இறங்கும், இங்கிருந்து தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் பிரிந்து போகும். வாய்க்கால் மடை மாதிரி. தலைமடையை அடைத்தால் கடைசி வயல்வரை காய்ந்துவிடும். அந்த நாளில் லைனில் வேலை பார்ப்பதும் அவ்வளவு லேசு. பிரேக்கர் என்கிற எங்கள் பெரிய சுவிட்சை ஆஃப் செய்தால் போதும்.

அப்புறம் சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் முளைத்தன. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று சும்மா போகக் கூடாது என்று நட்டார்கள். மலையில் சின்னதாக ஒரு புனல் மின்நிலையம் வந்தது. பிறகு வீரகேரளம்புதூர் போகிற வழியில், துவரை போட்டுக்கொண்டிருந்த கரட்டு நிலத்தில் சூரியத் தகடுகளைப் பரப்பினார்கள். இந்த மூன்றும் கிளை கிளையாக வந்து சேர்ந்தது எங்கள் மலையோர லைனில். குற்றாலத்துக்கு வெளிச்சம் கொடுப்பதும் அதே லைன்தான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குணம் உண்டு, அங்கே இருக்கிறவர்களுக்கும் அப்படியே. காற்றாலையில் செல்லத்துரை. காற்று வீசும்போது கத்தியே பேசிப் பழகியதால் காற்று இல்லாத தை மாதத்திலும் கத்துவார். சூரியத் தகட்டில் ஜெபராஜ். பொழுது சாயும்போது, "நம்ம கடை அடைச்சாச்சு மேடம், நாளைக்குப் பாப்போம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மலையில் குட்டப்பன் அண்ணன். செங்கோட்டைக்காரர், பாதி மலையாளம். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. "வெள்ளம் எங்கோட்டும் ஓடிப் போவாது மோளே. பூட்டி வச்சா கெடக்கும், தொறந்தா வரும்" என்பார். இவர்களில் ஒருவர் முகத்தையும் நான் பல வருடம் பார்த்ததில்லை. குரல்தான்.

இத்தனை பக்கம் சேர்ந்த பிறகு லைனில் ஆளை ஏற்றுவது பெரிய வேலையாகிவிட்டது. அதற்கு ஒரு நடைமுறை வகுத்தவர் அப்போதைய உதவிப் பொறியாளர் ஆவுடையப்பன் சார். ஒல்லியான மனிதர். கண்ட்ரோல் ரூமுக்கு வந்தால் உட்காரவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். திட்டிக் கேட்டதில்லை. சட்டைப்பையில் எப்போதும் பனங்கற்கண்டு இருக்கும், தப்பு செய்தவர்களுக்கும் ஒரு துண்டு கொடுப்பார். யாராவது வந்து, "சார், லைன் ஆஃப் ஆயிட்டு" என்றால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எந்தப் பக்கம்?"

ஒரு பக்கம் சொன்னால், "மத்த பக்கம்?" என்பார். நாலையும் சொல்லும்வரை விடமாட்டார்.

லைனில் வேலை செய்வதற்கு ஃபோர்மேன் கேட்டு வாங்குகிற அனுமதிக்கு எல்.சி. என்று பெயர். இசக்கி அண்ணாச்சி போனில் கேட்பார். நான் எங்கள் பிரேக்கரை ஆஃப் செய்து, கைப்பிடியில் சிவப்புப் பலகை மாட்டுவேன். பிறகு காற்று, தண்ணீர், வெயில் என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். அவர்களும் தங்கள் பக்கத்தை ஆஃப் செய்து, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும். "சரி" என்றோ "உம்" என்றோ சொன்னால் செல்லாது. எல்லாம் ஆனபிறகு, "அண்ணாச்சி, நாலு பக்கமும் ஆஃப். லைன் உங்ககிட்ட" என்பேன். அவர் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடை மாட்டிவிட்டு ஆளை ஏற்றுவார். வேலை முடிந்ததும் லைனை வாங்கியவரே, அவர் குரலிலேயே, திருப்பித் தரவேண்டும். வேறு யார் சொன்னாலும் லைன் எடுக்கக் கூடாது, அதாவது மறுபடி மின்சாரம் கொடுக்கக் கூடாது.

இது சாருடைய நடைமுறை. இசக்கி அண்ணாச்சிக்குச் சொந்தமாக இன்னொன்று இருந்தது. கம்பத்தில் ஏறப்போகிறவன் அவரிடம் தன் பைக் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். "எறங்குனவனுக்குத்தாம்லே வண்டி. மேல இருக்கவன் எங்க போவப் போறான்?" என்பார். சாவி கையில் இருந்தால் ஆள் மேலே. அவருக்கு அதுதான் கணக்கு. அவருடைய ஆட்கள், "அண்ணாச்சி எங்க வண்டிய வித்துட்டுப் போயிருவாரு யக்கா" என்று என்னிடம் கேலி செய்வார்கள்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

ஆடி மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல், எல்லா அருவியிலும் கூட்டம். பழைய குற்றாலம் போகிற சாலையில் ஒரு மருதமரக் கிளை முறிந்து மலையோர லைன் மேல் சாய்ந்துவிட்டது. மதியத்துக்கு முன்பே இசக்கி அண்ணாச்சி எல்.சி. வாங்கினார். நாலு பக்கமும் ஆஃப் செய்து கொடுத்தேன்.

சாயங்காலம் ஆகப்போகிற நேரம். ஜீப் ஒன்று வேகமாக வந்து நின்றது. அண்ணாச்சியின் ஆட்களில் முருகன் மட்டும் உள்ளே ஓடிவந்தான். கண்ணிமை வீங்கியிருந்தது.

"யக்கா, கடந்தை கலைஞ்சிட்டு! கடைசிக் கெளைய வெட்டையில கூட்டுல பட்டுட்டு. அண்ணாச்சிய மொய்ச்சிட்டுக்கா. மூஞ்சியே தெரியல. பெரியாஸ்பத்திரில போட்டுட்டு வாறோம்."

கடந்தைக் குளவி கொட்டி ஆள் செத்துப்போனதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். "பேசுதாரா?" என்று கேட்டேன்.

"தொண்டை வீங்கிட்டு. ஊசி போட்டிருக்கு. பொழைச்சுக்கிடுவாருன்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க லைன எடுத்துருங்கக்கா. மரம் பூரா வெட்டியாச்சு. ராடையும் அவுத்துட்டோம். நம்மாளு எல்லாரும் ஜீப்புல இருக்கோம்."

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். பெயர்களைச் சொன்னான். காலையில் எல்.சி. வாங்கும்போது அண்ணாச்சி சொன்ன பெயர்களில் மாடசாமி என்று இன்னொன்றும் உண்டு. அவன் எங்கே என்றேன்.

"அவன் காலைலயே ஸ்டோருக்குப் போயிட்டாம்லா, கம்பத்துப் பீங்கான் எடுக்க. அங்கனயே இருப்பான்" என்றான் முருகன். அவனுக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

மாடசாமிக்கு போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. ஸ்டோருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதற்குள் மற்ற போன்கள் ஆரம்பித்துவிட்டன. மாநிலம் முழுக்க எந்த நேரம் எவ்வளவு மின்சாரம் என்று பார்த்துப் பங்கிடுகிற பெரிய கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒருவர் பேசினார். நல்ல குரல். "மேடம், வெயில் இறங்கிட்டு இருக்கு. சோலார் பூரா கொறையுது. இனி ராத்திரிக்குக் காத்தும் தண்ணியும்தான். உங்க லைன் எப்ப வரும்?" அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. அவர் சமாளிக்காவிட்டால் எங்கேயோ ஒரு ஊர் இருட்டாகும்.

செல்லத்துரை வழக்கம்போல் கத்தினார். "யக்கா! காத்துன்னா காத்து, பேய்க்காத்து! அம்புட்டு மில்லும் கையக் கட்டிட்டு நிக்கி! எப்பத்தான் விடுவீய?"

குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் ஒருவர், "ஏம்மா, ஜெனரேட்டரும் படுத்துட்டு. ரூம் ரூமா ஈரத்துணியோட உக்காந்துருக்கான். எல்லாவனும் என்னையல்லா அடிக்க வாறான்" என்றார்.

அப்புறம் குட்டப்பன் அண்ணன். "மோளே, ஜீப்புக்காரப் பையங்க போறப்ப எங்க கேட்டுல சொல்லிட்டுப் போனானுவ, பணி தீந்தாச்சுன்னு. நான் இவிடம் எடுக்கட்டே?"

காற்றாலையும் சூரியத் தகடும் லைனில் மின்சாரம் இருந்தால்தான் ஓடும். தண்ணீர் அப்படியில்லை. அது யாரையும் எதிர்பார்க்காது. அவர் மடையைத் திறந்து சுவிட்சைப் போட்டால் அந்த நிமிடமே லைனில் உயிர் வந்துவிடும். நான் என் பிரேக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து பிரயோசனம் இல்லை.

"வேண்டாம் அண்ணே! எடுக்காதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க."

"எடுக்க மாட்டேன். கோமதி சொல்லாம எடுக்க மாட்டேன்" என்று நிதானமாகச் சொன்னார். "என்னாச்சு மோளே?"

"ஒரு ஆளக் காணும் அண்ணே."

செல்லத்துரையிடமும் ஜெபராஜிடமும் அதையே சொல்லித் திருப்பி வாங்கினேன். பிறகு ஆவுடையப்பன் சாரைப் பிடித்தேன். அருவிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஐந்தருவிச் சாலையில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மையத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். இசக்கி திருப்பித் தந்தாரா?"

"அவரால பேச முடியாது சார்."

"அப்ப லைன் இன்னும் அவருகிட்டதான் இருக்கு. நீ பதறாத. அவரு வாயால கேக்க முடியாட்டா, வேற எப்படிக் கேக்கலாம்னு யோசி."

வைத்துவிட்டார். முருகன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பாவம், உடம்பெல்லாம் கொட்டு. "யக்கா, நான் பொய்யா சொல்லுதேன்?" என்றான். கண் கலங்கியிருந்தது. "இல்லப்பா" என்று மட்டும் சொன்னேன். வேறு வழியில் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கொட்டுப்பட்ட கையால் கால்சட்டைப் பையைத் தடவி வண்டிச் சாவியை எடுத்தான். நிற்க முடியாமல் அதை விரலில் சுழற்றினான்.

"ஒன் சாவிய அண்ணாச்சி எப்ப தந்தாரு?"

"எறங்குனதும் தந்துட்டாருக்கா. எல்லாத்துக்கும் தந்துட்டாரு. அப்புறந்தான் கடந்தை."

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் பேசுவது எனக்கு மலை ஏறுவது மாதிரி. எடுத்தவர் ஒரு நர்ஸ். மூச்சு விடாமல் சொன்னேன்: "தங்கச்சி, குளவி கொட்டி வந்திருக்காருல்லா, இசக்கின்னு. அவரு சட்டைப் பையில சாவி இருக்கான்னு கொஞ்சம் பாருங்க. ஒரு ஆளு உயிரு விஷயம்."

"சாவியா?" என்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் போனைக் கீழே வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ முனகும் சத்தம். திரும்பி வந்தாள்.

"அக்கா, ரெண்டு வண்டிச் சாவி இருக்கு. ஒண்ணுல சின்ன வேல் கோத்திருக்கு. இன்னொண்ணுல சின்னப் பிள்ளைக போடுத சிவப்பு வளையல் ஒண்ணு கெடக்கு. நான் எடுத்ததும் அவரு என் கையப் பிடிச்சிட்டு விட மாட்டேங்காரு. என்னமோ சொல்லப் பாக்காரு."

போனைக் காதில் வைத்தபடியே முருகனைப் பார்த்தேன். "வேல் கோத்த சாவி யாருது?"

"அது அண்ணாச்சி சாவில்லா."

"சிவப்பு வளையல்?"

அவன் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "யக்கா..." என்றான். "அது மாடசாமி சாவி. மக வளையலு. யக்கா, அவன் மேல இருக்கான்."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்தது. மதியம் அண்ணாச்சி கொஞ்ச நேரம் காணாமல் போய், மாடசாமியின் வண்டியில் தனியாகத் திரும்பி வந்தார். காலையில் மலையடிவாரத்து மாந்தோப்புக்குள் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்து, அதையும் இன்றைக்கே மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டோரிலிருந்து வந்த மாடசாமியை அங்கே இறக்கிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கிளை வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது. கடந்தை கலைந்ததும் வண்டிகளை அங்கேயே போட்டுவிட்டு, அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். யாரைக் குறை சொல்வது? வேலை முடிந்தது என்று அவர்கள் சொன்னது அவர்கள் வேலையை.

சாரிடம் சொன்னேன். காரை அங்கேயே விட்டுவிட்டு யாருடைய பைக்கிலோ ஏறித் தோப்புக்குப் போனார். நான் மற்ற மூன்று பக்கத்தையும் இன்னொரு முறை கூப்பிட்டு, "எடுக்கக் கூடாது" என்பதைத் திருப்பி வாங்கினேன். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. செல்லத்துரைகூட மெதுவாக, "கெடைச்சிட்டானாக்கா?" என்றார். குட்டப்பன் அண்ணன், "நான் சுவிட்சுக்கு முன்னால ஸ்டூலு போட்டு இருக்கேன், ஒருத்தனையும் விட மாட்டேன்" என்றார். லாட்ஜ் மேனேஜரிடமும் சொன்னேன். "அப்படியா? ஆளு மொதல்ல எறங்கட்டும்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு குற்றாலத்திலிருந்து ஒரு போனும் வரவில்லை. அவர் மற்ற லாட்ஜுக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மாடசாமி கம்பத்தின் மேல்தான் இருந்தான். பழைய பீங்கானைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் சார் கீழே வந்து மூச்சு வாங்க நின்றதும் எட்டிப் பார்த்து, "என்ன சார், அண்ணாச்சி சோறு குடுத்து விடுவாருன்னு பாத்தா நீங்க வாறீய?" என்று கேட்டானாம். சார், "எறங்கு" என்றாராம். இறங்கியதும் பையிலிருந்த பனங்கற்கண்டு முழுவதையும் அவன் கையில் கொட்டிவிட்டு, ஒரு மாமர வேரில் உட்கார்ந்துவிட்டாராம். அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று மாடசாமி பிறகு என்னிடம் சொன்னான்.

தோப்புக்காரர் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து சார் எனக்குப் பேசினார். "இசக்கிக்குப் பதிலா நான் லைனைத் திருப்பித் தாரேன். மத்த ஆளுங்க பூராவும் அங்க உன் முன்னால இருக்காங்க. இங்க கம்பத்துல ஒருத்தரும் இல்லன்னு நான் கண்ணால பாத்தாச்சு. மாடசாமி என் பக்கத்துல நிக்கான்." திருப்பிச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சார் காத்திருந்து, "இன்னொரு தடவ தெளிவாச் சொல்லும்மா" என்றார். தெளிவாகச் சொன்னேன்.

முதலில் எங்கள் பிரேக்கர். அடுத்து தண்ணீர், அதற்கடுத்து காற்று. குற்றாலத்தில் விளக்கு வந்தது. வெயில் பக்கம் மட்டும் மறுநாளுக்கு இருந்தது. ஜெபராஜ் வீட்டுக்குப் போகாமல், இருட்டில் கிடந்த தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

இசக்கி அண்ணாச்சி பிழைத்து வந்தார். வந்த அன்றைக்கு ஒரு பை நிறைய ஆணியும் சுத்தியலுமாகக் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். முகத்தில் இன்னும் வீக்கம் இருந்தது. "ஏ பல்லி, செவத்த விட்டுத் தள்ளு" என்று என்னை நகர்த்திவிட்டு, வரிசையாக ஆணி அடித்தார். "என் பையில கெடந்தா எனக்குத்தான் தெரியும். எனக்கு ஒண்ணுன்னா? இனி சாவி எல்லாம் இங்கன தொங்கட்டும். நீயும் பாரு, வாறவன் போறவனும் பாக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து காலையில் லைனுக்குப் போகிறவர்கள் வண்டிகளை நிலையத்தில் நிறுத்தி, சாவிகளை மாட்டிவிட்டு ஜீப்பில் போகிறார்கள். ஒரு சாவி தொங்கினாலும் லைன் எடுக்கக் கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆவுடையப்பன் சார் இருந்தபோதும், அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்திலும், யாரும் வேண்டாம் என்றதும் இல்லை.

நஸ்ரின், பேட்டரி வந்தால் ஐந்து பக்கம் ஆகிவிடும். அதுவும் தண்ணீர் மாதிரி, யாரையும் எதிர்பார்க்காமல் தானாகவே லைனுக்கு உயிர் கொடுக்கக் கூடியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் திரையில் எல்லாப் பக்கமும் பச்சை, சிவப்பாகத் தெரியும் என்பது நல்ல செய்தி. ஆனால் மாந்தோப்புக்குள் யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. பெயிண்டரிடம் ஆணியைச் சுற்றி அடிக்கச் சொல்லுங்கள்.

மூட்டு வலியால் நானே கேட்டு வாங்கிய ஓய்வு இது. கடைசி நாள் சாயங்காலம் என் இடத்துக்கு அடுத்த ஆபரேட்டர் வந்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சுவரில் ஒரே ஒரு சாவி மிச்சமாகத் தொங்கியது. சிவப்பு வளையல் வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது. மாடசாமி இப்போது ஃபோர்மேன், இலஞ்சிப் பக்கம் போயிருந்தான். "நீங்க கெளம்புங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அந்த ஆபரேட்டர். எனக்குப் போக மனம் வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இருட்டுவதற்குள் ஜீப் வந்தது. மாடசாமி உள்ளே வந்து என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டான்.

"எறங்கிட்டேங்க்கா" என்றான். "வாங்க, வீட்டுல விடுதேன்."

ஆணி காலியாக இருந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் வண்டியில் ஏறிக்கொண்டேன்.